நண்டு விடும்வரை

என் மச்சானுக்கு இரண்டு கைதான். அவன் பிழைப்பைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

என் மனைவியின் தம்பி அவன். மன்னாரில் கீரி என்ற ஊரில், எங்கள் வளவுக்குள் ஒரு அறை போட்டு இருந்தான். விடியப் பாண் ஓட்டோ ஓட்டுவான்; பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண், அதாவது ரொட்டி, விற்கிற ஓட்டோ. பாண் முடிய, அதே ஓட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவான். பிள்ளைகளை இறக்கிவிட்டு மீன்வாடிக்கு ஐஸ் ஏற்றுவான். இடையில் கோழி வளர்த்தான். போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுத்தான். கோயில் திருநாள் என்றால் ஒலிபெருக்கி கட்டுவான். யாராவது காணி நிலம் விற்கப்போகிறார்கள் என்றால் அதற்குள்ளும் தலையை விடுவான்.

ஒன்று முடிந்து ஒன்று என்றால் பரவாயில்லை. அவன் எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செய்தான். பிள்ளைகள் பாண் மணத்தோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஐஸ் பெட்டிக்கு மேல் கோழி பயணம் செய்தது. போன் எப்போதும் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது. அந்தக் கழுத்து நேராக நின்று நான் கண்டதில்லை. அடையாள அட்டைப் படத்திலும் தலை ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கிறது. இப்போது ஊரில் எல்லார் கழுத்தும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அவன் ஒருவன்தான்.

எதைக் கேட்டாலும் "ஓம்" என்பான். பிறகுதான் என்ன கேட்டது என்பான். ஒருநாள் என் மனைவி சோதித்துப் பார்த்தாள்.

"தம்பி, வீடு பத்தி எரியுது."

"ஓம் அக்கா. பின்னேரம் வந்து பாக்கிறன்."

விற்காமல் மிஞ்சிய பாணை அவன் கழுதைகளுக்குப் போடுவான். மன்னாரில் கழுதைக்கு என்ன குறை. ஓட்டோவின் பாட்டுக் கேட்டால் மனிதர் வருமுன் கழுதைகள் வந்து நிற்கும். அவனோடு நேரம் தவறாமல் நடந்துகொண்டது அவைதான்.

நான் வேறு மாதிரி. கண்டல் மரம் நிற்கிற சேற்றுப் பக்கம் நண்டுக்கூடு வைப்பவன். சேற்று நண்டை உயிரோடு கொடுத்தால்தான் விலை. ஓட்டில் காலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொடுக்கு இரண்டையும் கயிற்றால் கட்டவேண்டும். கட்டும்போது கதைக்கக் கூடாது. கட்டுகிறவனிடம் மற்றவர்களும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். பங்குச் சுவாமியார் வந்தால்கூட, முடிச்சு விழும்வரை நின்றுவிட்டுத்தான் சுகம் கேட்பார். எங்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கம். எனக்கு நன்றாகப் பிடித்த வழக்கம். கதைக்காமல் இருக்க இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது.

என் மனைவிக்கு ஒரே கவலை. தம்பிக்கு வயது போகிறது, கலியாணம் ஆகவில்லை. இரண்டு இடத்தில் பேசிப் பார்த்தாள். முதல் இடத்துக்கு அவன் வந்துசேரவில்லை. தலைமன்னாருக்கு ஒரு வாடகை ஹயர் வந்துவிட்டது. இரண்டாவது இடத்துக்கு வந்தான். வந்து பெண்ணின் தகப்பனோடு கதைத்து, அவருடைய தென்னங்காணிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தான். காணி நல்ல விலைக்குப் போனது. பெண்ணைப் பற்றிக் கதைக்க மறந்துவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, வயல் பக்கமான முருங்கன் ஊர்ப் பெண். அரிசி ஆலையில் நெல் காயவிடும் தளம் அவள் பொறுப்பில் இருந்தது. என் மனைவியின் சிநேகிதி ஒருத்தி பேசிவிட்டாள். பெண் சொல்லி அனுப்பிய பதில் இது:

"ஆள் நல்ல வேலைகாரன் எண்டு கேள்வி. வந்து இருந்து கதைக்க நேரம் இருக்கோ எண்டு கேளுங்கோ."

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுவும் போச்செண்டால் நான் இனி உனக்குப் பேசமாட்டன். நீ உன்ர கழுதையளோட குடும்பம் நடத்து."

அவன் கழுத்திலிருந்த போனை எடுத்துப் பைக்குள் போட்டான். எனக்குக் காரணம் தெரியும். அந்தப் பெண்ணை அவன் முன்பே கண்டிருந்தான். மடு மாதா கோயில் திருநாளில் தண்ணீர்க் குழாய் வரிசையில் அவள் நின்றாள். நானும் பக்கத்தில் நின்றேன். அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அவள் போத்தலை நிரப்பிக்கொண்டு போகும்வரை அது அடித்து அடித்து ஓய்ந்தது. அப்படி ஒன்று அதற்கு முன் நடக்கவில்லை. நான் கண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

போகிற நாள் வந்தது. வான் பிடிப்போம் என்றேன்.

"என்னத்துக்கு அத்தான்? ஓட்டோவிலயே போவம். அப்பிடியே உயிலங்குளத்தில ஒராளுக்கு ஒலிபெருக்கியையும் குடுத்திட்டுப் போகலாம்."

"கலியாணம் பேசப் போறியோ, சாமான் ஏத்தப் போறியோ?" என்றாள் என் மனைவி.

"ரெண்டும் ஒரே றோட்டுத்தானே அக்கா."

கடற்கரையிலிருந்து வயல் பக்கம் கலியாணம் பேசப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. நான் நல்ல பெரிய நண்டுகளாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். கட்ட உட்கார்ந்தேன். மச்சான் வந்து கயிற்றை வாங்கினான்.

"நீங்கள் போய்க் குளியுங்கோ அத்தான். நான் கட்டிறன்."

அவனும் கடற்கரையில் பிறந்தவன்தான். கொடுத்துவிட்டுப் போனேன். குளித்துவிட்டு வந்தால், காலடியில் நண்டு, கையில் கயிறு, கழுத்தில் போன். "இல்லையண்ணை, பணிஸ் கூடப் போடச் சொல்லுங்கோ" என்று பேக்கரிக்காரனோடு கதைத்துக்கொண்டே முடிச்சுப் போடுகிறான். ஒரு முடிச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நண்டு கட்டுகிறவனிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாதே. அவன் ஊரோடெல்லாம் கதைத்தபடி கட்டினான். நான் ஒருவன் வழக்கத்தை மதித்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் ஈரச் சாக்கில் எல்லாவற்றையும் போட்டு வாயைச் சுருட்டினான்.

ஓட்டோ எங்கள் குறுகிய ஒழுங்கையால் வெளியே வந்து திரும்பியது. பிரேக் பிடித்தான். பாண் பாட்டுப் பாடியது.

அதற்கு முதல்நாள் பாட்டுப் பெட்டியின் சுவிட்ச் உடைந்துபோனது. அவன் போனில் கதைத்தபடி வயரை எடுத்து எங்கோ செருகினான். அது பிரேக் லைட்டோடு சேர்ந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் பாட்டு. எடுத்தால் அமைதி. எங்களுக்கு இது விளங்குவதற்குள் கழுதைகளுக்கு விளங்கிவிட்டது. வேலியோரம் நின்றவை, குப்பைமேட்டில் நின்றவை எல்லாம் சேர்ந்து பின்னால் வந்தன. ஒரு குட்டியும் ஓடி வந்தது.

"மாப்பிள்ளைத் தோழன்மார் வருகினம்" என்றாள் என் மனைவி. "டேய், அந்தப் பாட்டை நிப்பாட்டன்!"

"ஓட்டோவை நிப்பாட்டினால்தான் அக்கா அது பாடுது."

பெரிய றோட்டுக்கு வந்ததும் வேகம் எடுத்தான். தோழன்மார் பின்தங்கினார்கள்.

மன்னார்த் தீவைத் தாண்டுகிற பாலத்தில் நல்ல காற்று. பிரேக்குக்கு வேலை இல்லை. பாலம் முடிகிற இடத்தில் ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டினான். மச்சான் பிரேக் பிடித்தான். பாடியது. ஆமிக்காரன் அடையாள அட்டையைக் கேட்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்து, "பான் தியெனவத?" என்றான். பாண் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டான்.

"இல்லை எண்டு சொல்லு" என்றாள் என் மனைவி மெதுவாக.

மச்சான் திரும்பிப் பார்த்தான். "அக்கா, கொஞ்சம் எழும்புங்கோ."

இருக்கைக்குக் கீழே பாண் இருந்தது. கீரியிலிருந்து அதுவரை அவள் பாணுக்கு மேல்தான் இருந்து வந்திருக்கிறாள். சேலை கசங்காமல் இருக்கவேண்டும் என்று அசையாமல் வேறு இருந்தாள்.

"வெறுமையாப் போறது நட்டமெல்லோ" என்றான் மச்சான்.

உயிலங்குளத்தில் ஒலிபெருக்கியைக் கொடுக்க மறந்து கடந்துபோனோம். அப்போதும் அவன் போனில்தான் இருந்தான். ஒலிபெருக்கி கேட்ட ஆள்தான் போன் எடுத்திருந்தான். "ஓம் ஓம், வந்துகொண்டிருக்கிறன்" என்று அவனிடமே சொல்லியபடி அவன் வீட்டைத் தாண்டினோம்.

முருங்கனில் அந்த ஒழுங்கை குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு பாட்டு. வாசல்களில் ஆட்கள் பையோடும் தட்டத்தோடும் வந்து நின்றார்கள். புதுப் பாண்காரன் என்று நினைத்தார்கள். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் மனைவி செபமாலையைக் கையில் எடுத்தாள்.

மச்சான் என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள். விற்றான்.

வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து, கழுத்தில் போன். இறங்கி நின்று பாண் எடுத்துக் கொடுக்கிறான். கடைசியாக ஒரு பெண் வந்தாள். மாவு படிந்த கை, வீட்டுச் சட்டை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாணைச் சுற்றிக் கொடுத்தான். "நாளைக்கும் வருவன் தங்கச்சி" என்றான்.

"நாளைக்கு வேண்டாம்" என்றாள் அவள். "இண்டைக்கு உள்ளுக்கு வாங்கோ."

அப்போதுதான் பார்த்தான்; பேச வந்த பெண் அவள்தான். பார்த்ததும் கழுத்து நேரானது. போன் நழுவி பாண் பெட்டிக்குள் விழுந்தது. அவள் பாணை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மாதாவே" என்றாள் என் மனைவி. அவளுடைய செபம் அத்தோடு முடிந்தது.

உள்ளே போனோம். கதிரைகள் துடைத்து வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் நெல் செய்கிற கமக்காரர். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசலைப் பார்த்தோம். எனக்கு அந்தாளை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கங்களில் கலியாணப் பேச்சுக்கு வந்தவர்களிடம் யாரும் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. தேத்தண்ணி வரும். கோப்பையை எடுத்துக்கொண்டு போவார்கள். அதோடு நாங்கள் எழும்பவேண்டியதுதான். விருப்பம் என்றால் உலை வைப்பார்கள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அதனால் வந்தவர்களுக்கு வாய் முன்னுக்குக் கதைத்தாலும் காது குசினியில், சமையலறையில்தான் இருக்கும்.

தேத்தண்ணி வந்தது. பெண் சேலை மாற்றியிருந்தாள். தாய் மச்சானைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பிக்குப் பிரயாணம் களைப்போ?"

போன் அடித்தது. எடுத்துக் கழுத்தில் வைத்தான். "ஓம்" என்றான். அது தாய்க்கோ போனுக்கோ தெரியவில்லை.

"வீட்டில வேற ஆக்களும் இருக்கினமோ?"

"ஓம், ஓம். ஐஸில போட்டு வையுங்கோ, வந்து எடுக்கிறன்."

தாய் கேட்பதை விட்டுவிட்டாள். என் மனைவி என் காலை மிதித்தாள். நான் என்ன செய்ய. கோப்பைகளை எடுத்துக்கொண்டு பெண் உள்ளே போனாள். குசினியில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. அரிசிச் சத்தம் இல்லை. நேரமும் போனது. அரிசிச் சத்தம் இல்லவே இல்லை.

என் மனைவியின் முகம் சுருங்கியது. கடைசி முயற்சியாகச் சொன்னாள்:

"தம்பி, கொண்டுவந்த நண்டை அம்மாட்டக் குடன்."

அவன் எழும்பி விறாந்தைக்குப் போனான். போன் கழுத்தில். குனியாமல், பார்க்காமல், "அந்தக் காணி றோட்டுக்கரையோ?" என்று கேட்டபடி சாக்குக்குள் கையை விட்டான்.

எனக்குச் சரியாகப் படாத முடிச்சு அதற்குள் அவிழ்ந்திருந்தது.

முதலில் போன் விழுந்தது. பிறகுதான் அவன் கத்தினான். கையை உதறிக்கொண்டு துள்ளினான். விரலில் நண்டு தொங்கியது. எல்லாரும் ஓடி வந்தோம்.

"இரு" என்றேன். "இழுக்காத. கையைக் கீழ வை."

கடற்கரையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடித்த நண்டை இழுத்தால் இறுக்கும். அடித்தால் இன்னும் இறுக்கும். கையை வைத்தபடி சும்மா இருந்தால் விடும். எப்போது விடும் என்பது நண்டின் விருப்பம்.

"தெரியும் அத்தான்!"

"தெரிஞ்சால் இரு."

"கடக்கரை ஆளுக்கு நண்டு கடிக்கிறதோ?" என்றாள் தாய், மெய்யாகவே ஆச்சரியப்பட்டு. அவனுக்கு அந்தக் கடி நண்டின் கடியைவிட நொந்திருக்கும்.

பெண் ஒரு பேசின் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "தண்ணிக்குள்ள எண்டால் கெதியா விடுமோ?"

"சில நேரம்" என்றேன்.

அவன் விறாந்தைத் தரையில் இருந்து, கையை நண்டோடு தண்ணீரில் வைத்தான். புதுச் சப்பாத்து நனைந்தது. எட்டாத தூரத்தில் போன் கிடந்தது. அது அடித்தது. பழக்க தோஷம், மற்றக் கை நீண்டது. உடம்பு அசைந்தது. நண்டு இறுக்கியது.

"அம்மா!"

போன் ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. பெண் போய் எடுத்தாள்.

"அவர் இப்ப நண்டோட இருக்கிறார். பிறகு எடுங்கோ."

"பிள்ளை!" என்றாள் தாய்.

அவள் போனை யன்னல் கட்டில் வைத்தாள். பலகையை இழுத்துப் போட்டுப் பேசினுக்கு எதிரில் இருந்தாள்.

"இப்ப ஒண்டு கேக்கிறன். ஓம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. கலியாணம் கட்டினால் எனக்கு எந்த நேரம்? பாணுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவிலயோ? ஐசுக்கும் கோழிக்கும் நடுவிலயோ?"

அவன் தண்ணீருக்குள் இருந்த கையைப் பார்த்தான். யோசித்தான். அவன் யோசித்ததை அன்றுதான் கண்டேன்.

"முந்தி எங்களுக்கு ஒரு தொழில்தான்" என்றான். "ஒரு போட், ஒரு வலை. சண்டைக்க ஓடச் சொன்ன அண்டைக்கு ரெண்டையும் விட்டிட்டு ஓடினனாங்கள். வந்து பாத்தால் ஒண்டும் இல்லை. அதுக்குப் பிறகு ஒண்டை மட்டும் நம்பி இருக்கப் பயம். ஒண்டு போனால் மற்றது நிக்குமெல்லோ."

இதை அவன் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. என் மனைவி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

"நாங்களும் ஓடினனாங்கள்" என்றாள் பெண். "வெட்டின நெல்லு களத்தில கிடக்க. ஆனால் ஓட்டம் முடிஞ்சு கனகாலம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

அவன் சிரித்தான். சிரித்தால் உடம்பு அசையும் என்று பயந்து பாதியில் நிறுத்தினான்.

"நான் இப்ப என்ன செய்ய?"

"இப்ப செய்யிறதைச் செய்யுங்கோ."

"இப்ப ஒண்டும் செய்யேல்லையே."

"அதைத்தான் சொல்லுறன்."

யன்னலில் போன் இன்னொரு முறை அடித்தது. யாரும் திரும்பவில்லை. வெளியில் ஒரு மைனா. அவள் ஆலையில் நெல்லைப் புரட்டுகிற கதையைச் சொன்னாள். மழை இருட்டுக்கு எப்படி எல்லாரும் ஓடி வருவார்கள் என்று சொன்னாள். அவன் கேட்டான். எத்தனை மணிக்குப் புரட்டுவீர்கள், காலுக்குச் சுடாதா என்று இடையில் கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்கும் காத்திருந்தான்.

அப்போதுதான் தகப்பன் அன்றைய முதல் வார்த்தையைப் பேசினார்.

"நண்டு விட்டிட்டுது."

எல்லாரும் குனிந்து பார்த்தோம். நண்டு பேசினின் ஓரத்தில் ஒதுங்கி இருந்தது. எப்போது விட்டதோ. விரல் நீலமாக வீங்கிப்போய்த் தண்ணீருக்குள் தனியாகக் கிடந்தது. மச்சான் அப்போதும் கையை எடுக்கவில்லை.

"எடும் தம்பி" என்றார் தகப்பன். இரண்டாவது வார்த்தை.

பெண் எழும்பிப் போய்ச் சீலைத்துண்டு கொண்டுவந்தாள். தாய் அவளையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். குசினிக்குள் போனாள்.

நாங்கள் காதைக் குசினிக்குக் கொடுத்தோம். பானை மூடி திறக்கிற சத்தம். பிறகு சுளகில் அரிசி விழுகிற சத்தம். என் மனைவி திரும்பவும் என் காலை மிதித்தாள். இந்த முறை நோகவில்லை.

உள்ளிருந்து தாயின் குரல் வந்தது: "அந்த நண்டையும் கொண்டு வாங்கோ. கட்டிப்போட்டுத் தாங்கோ!"

மச்சான் எழும்பப் பார்த்தான். நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். கட்டும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. வயல்காரருக்கும் அந்த வழக்கம் பிடிபட்டுவிட்டது.

மத்தியானம் சோறும் நண்டுக் கறியும். நல்ல உறைப்பு. நண்டு தின்ன இரண்டு கையும் வேண்டும். உடைக்கவேண்டும், உறிஞ்சவேண்டும், சதையைத் தோண்டவேண்டும். வேறொன்றுக்கும் கை மிஞ்சாது. மச்சானுக்கோ ஒரு விரலில் பெரிய சீலைக்கட்டு. இருந்த ஒன்றரைக் கையாலும் போராடினான். முழங்கைவரை குழம்பு.

யன்னலில் போன் அடித்தது. அவன் அதைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். பிறகு தட்டத்தைப் பார்த்தான்.

பெண் ஒரு பெரிய கொடுக்கை எடுத்து அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி, உடைந்ததை அவன் தட்டத்தில் வைத்தாள்.

"பிள்ளை" என்றாள் தாய். முன்பு சொன்ன அளவுக்குச் சத்தமில்லை.

கடித்த கொடுக்கு அதுதானோ என்று நான் கேட்கவில்லை. அவன் ஆறுதலாக இருந்து அதைத் தின்றான்.